இரண்டு பேர் நடந்த புத்தகம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், டாக்டர்கள் உட்பட. முப்பத்தொரு வருஷமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நின்றுகொண்டு, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு வேறு பெயர் நிலைக்கவில்லை. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். தோள், விலா, முதுகு, மூட்டு என்று படம் எடுத்துத் தள்ளுவாள். படத்தில் ஒரு பார்வை ஓட்டினாலே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது. "என்னம்மா தெரியுது?" என்று ஏக்கமாகக் கேட்கிற முகங்களிடம் "டாக்டர் சொல்லுவார்" என்று சொல்லிச் சொல்லி, அந்த இரண்டு வார்த்தை அவள் நாக்கிலேயே குடியிருந்தது.

எதிரே மருந்து கொடுக்கும் ஜன்னல். அங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு மாத்திரை என்று பெயர். எக்ஸ்ரேக்காவை விட நாலு வயது மூத்தவள், குரலோ நாலு வீடு தாண்டிக் கேட்கும். ஒரு நாள் மதியம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏய் எக்ஸ்ரே, நீ கடைசியா வெயிலைப் பாத்தது எப்ப?" என்று கேட்டாள்.

எக்ஸ்ரேக்கா யோசித்துப் பார்த்தாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்த்திருக்கலாம். நினைவில் இல்லை.

"எந்திரி. சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிஷம் இருக்கு" என்றாள் மாத்திரை.

அன்றைக்கு இருவரும் ஆஸ்பத்திரியின் பின்பக்கமாக, சலவைக்கூடம், கொதிகலன் அறை எல்லாம் தாண்டி, கால்வாய்க் கரை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்வாய் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். அப்படி ஆரம்பித்தது பதினொரு வருஷம் ஓடியது.

இருவரிடமும் வண்டி கிடையாது. அதனால் ஒவ்வொரு நடையும் ஒரு பஸ் நிறுத்தத்தில் தொடங்கி இன்னொரு பஸ் நிறுத்தத்தில் முடியும். வழி கேட்பது, நாயைச் சமாளிப்பது, எந்தக் கடையில் கழிவறை உண்டு என்று துப்புத் துலக்குவது எல்லாம் மாத்திரையின் இலாகா. எக்ஸ்ரேக்கா அடிகளை எண்ணுவாள். படம் போட்டுக் கொடுக்கிற பழுப்பு உறைகளின் பின்பக்கத்தில் வரைபடம் வரைவாள். பம்ப் அறை, சாய்ந்த புளியமரம், மூடின செங்கல் சூளை, "இங்கே காற்று மாறும்" என்றெல்லாம் குறித்துவைப்பாள். நூற்றுக்கணக்கில் உறைகள் சேர்ந்துவிட்டன. வீட்டு அலமாரியில் துணிக்கு இடமில்லை.

பிறகு மாத்திரை ஓய்வு பெற்றாள். வெளிநாட்டில் இருந்த மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. "ஆறு மாசம் இருந்துட்டு வந்துடுறேன்" என்று போனவள் அங்கேயே தங்கிப்போனாள். போன முதல் வாரமே ஒரு படம் அனுப்பியிருந்தாள். சமையலறை ஜன்னல், ஓரத்தில் பால் புட்டிகள், அதற்குப் பின்னால் உச்சியில் பனி மிச்சமிருந்த மலைகள் வரிசையாக நின்றன. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "சும்மா பாத்திரம் கழுவும்போது தெரியுது."

எக்ஸ்ரேக்கா அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. மலையின் இடுப்பில் நூல் மாதிரி ஒரு கோடு ஓடியது. பாதையாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும், யாரோ ஒருவரின் முழங்காலைப் பலகையில் நேராக வைக்கும்போதும் அந்தக் கோடு மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக நடந்தாள். நடக்க முடிந்தது. ஆனால் எதையாவது பார்த்துவிட்டு வாயைத் திறந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு மேலே நடப்பாள்.

மூன்றாவது வருஷம் போனில் மாத்திரை சொன்னாள், "அந்த உறையெல்லாம் செல்லரிக்கிறதுக்கு முந்தி புத்தகமாப் போடு. போட்டுட்டு முதல் பிரதியைக் கையில எடுத்துக்கிட்டு இங்க வா. அந்த மலையில ஆறு நாள் நடப்போம்."

வாய் வார்த்தையாகச் சொன்னதோ என்னவோ, எக்ஸ்ரேக்கா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் புத்தகம். இன்னொரு பாதியில் மாத்திரை தபாலில் அனுப்பிய மலை வரைபடம், மடிப்பு மடிப்பாக. நடுவில் கிடைத்த ஒரு முழ இடத்தில் தட்டை வைத்துக்கொண்டு அவள் கணவர் சாப்பிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிப்படி என்றாலே அவருக்கு ஆகாது.

"கட்டடம் கட்டுறவன் லிஃப்ட் வைக்கிறான். நான் அதை ஓட வைக்கிறேன். எம் பொண்டாட்டி படியில ஏறிப் போறா. வெளியில சொன்னா என் பொழப்பு என்னாகும்?" என்பார்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலைக்குப் பழக வேண்டுமே. எக்ஸ்ரே அறையில் கதிர் படாமல் இருக்கப் போட்டுக்கொள்கிற ஈய அங்கி ஒன்று, ஓரம் கிழிந்து ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. தூக்கினால் ஆறு கிலோ. அதை முதுகுப் பையில் திணித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரியின் ஒன்பது மாடியும் ஏறி இறங்குவாள். முதல் வாரம் நாலாவது மாடியிலேயே நாக்குத் தள்ளியது. மூன்றாவது மாதம் ஒன்பதாவது மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டிகளையும் தூரத்துப் பாலத்தையும் பார்க்கிற அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தது.

ஜனவரியில் மலைவிடுதிகளுக்கு இடம் பதிவு செய்தார்கள். ஐந்து இரவு, இரண்டு படுக்கை. அன்றைக்கு முழுக்க எக்ஸ்ரேக்காவின் கால் தரையில் பாவவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்ன ஒரு நோயாளியை விடச் சொல்ல மறந்துவிட்டாள்.

புத்தகத்துக்குப் பதிப்பகங்களைக் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் மரியாதையாக, "நம்ம ஊர்ல யாரும்மா நடக்கறாங்க?" என்று கேட்டார். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உறைகளைப் புரட்டினார்.

"எல்லா வரைபடமும் கையால போட்டதா?"

"ஆமாங்க."

"வடக்கு எது?"

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கமோ அதை வச்சுப் பாத்துக்கணும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வேலையை எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு நடைகள், நூற்று நாற்பத்து நாலு பக்கம், முந்நூறு பிரதி. பக்கங்களைப் பதினாறு பதினாறாகத்தான் அடிக்க முடியும் என்பதால் ஒரு பக்கம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முன்னுரைக்கு என்று இரண்டு பக்கம் காலியாக விட்டார். முன்னுரையை மாத்திரைதான் எழுத வேண்டும் என்பதில் எக்ஸ்ரேக்கா உறுதியாக இருந்தாள்.

அதுதான் வரவில்லை. பிப்ரவரியில் கேட்டாள். "எழுதிட்டே இருக்கேன்" என்றாள் மாத்திரை. மார்ச்சில், "குழந்தைங்களுக்குச் சளி." ஏப்ரலில் பேச்சை மாற்றினாள். மலை வரைபடத்தைப் பற்றிப் பேசினாலும் முன்பு போல இல்லை. "மூணாவது நாள் கொஞ்சம் செங்குத்து. நாம மெதுவா ஏறலாம்" என்று எக்ஸ்ரேக்கா சொன்னால், "ம், பாக்கலாம்" என்பாள். பிடி கொடுக்காத பேச்சு. அச்சகக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் போட்டார். "அம்மா, அந்த ரெண்டு பக்கம் வராம நான் மெஷின்ல ஏத்த முடியாது. மத்தவங்க கல்யாணப் பத்திரிகையெல்லாம் வரிசைல நிக்குது."

மே மாதம் ஒரு ஞாயிறு காலை, எக்ஸ்ரேக்கா அச்சகம் பிழை பார்க்கக் கொடுத்த மெய்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டு முழங்கால்கள். நின்றபடி, முன்பக்கமாக எடுத்த எக்ஸ்ரே. முதலில் தொழில் புத்திதான் வேலை செய்தது. இடது பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, எடுத்தவர் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். பிறகு வலது மூட்டைப் பார்த்தாள். மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி உள்பக்கத்தில் சுத்தமாக இல்லை. எலும்பு எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. ஓரங்களில் முள் முளைத்திருந்தது. இடது மூட்டும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த மாதிரி மூட்டோடு வருகிறவர்களை அவள் கைத்தாங்கலாகத்தான் பலகைக்கு அழைத்துப் போவாள்.

கடைசியாக மூலையில் இருந்த பெயரைப் படித்தாள். அது மாத்திரையின் நிஜப் பெயர்.

போன் அடித்தது.

"பாத்தியா?" என்றாள் மாத்திரை.

"பாத்தேன்."

"என்ன தெரியுது?"

எக்ஸ்ரேக்கா வாயைத் திறந்தாள். வந்தது அதுதான். "டாக்டர் சொல்லுவார்."

மாத்திரை சிரித்தாள். அந்தப் பெரிய சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிப்போனது. "டாக்டர் சொல்லிட்டாரு. மூட்டு மாத்தணுமாம். இங்க வரிசை நீளம், என் முறை வர அடுத்த வருஷம் ஆகும்" என்றாள்.

"இதுல தேதி போட்டிருக்கு."

"ம்."

"அக்டோபர். நாம இடம் பதிவு பண்ணது ஜனவரி."

"ஆமா."

"தெரிஞ்சே பண்ணியா?"

"அந்த மேப்பைப் பத்திப் பேசறப்ப உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை என் வாயால எப்படிக் கெடுக்கறது? ஒருவேளை சரியாயிடும்னு நெனச்சேன். எத்தனை பேருக்கு மாத்திரை குடுத்திருக்கேன், எனக்கு ஒண்ணு வேலை செய்யாதான்னு பாத்தேன்."

"அப்புறம் பேசறேன்" என்று எக்ஸ்ரேக்கா போனை வைத்துவிட்டாள்.

அந்த அப்புறம் பதினைந்து நாளுக்கு வரவில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். மாத்திரை மறைத்ததில் பாதி, தன் மேலேயே பாதி. மூன்று வருஷமாக வீடியோவில் பேசுகிறார்கள். மாத்திரை எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு தடவை கூட எழுந்து போய் எதையும் எடுத்து வரவில்லை. மூட்டைப் பார்த்தே பிழைப்பை ஓட்டுகிறவளுக்கு அது கண்ணில் படவில்லையே.

மெய்ப்பில் "நாங்கள்" என்று வந்த இடமெல்லாம் குத்தியது. சிவப்புப் பேனாவை எடுத்து "நாங்கள் கால்வாயைத் தாண்டினோம்" என்பதை "நான் கால்வாயைத் தாண்டினேன்" என்று திருத்தினாள். நாலு பக்கம் போனது. ஐந்தாவது பக்கத்தில், கழிவறைக்கு இடம் கேட்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து, மணப்பெண்ணின் சித்தி என்று சொல்லிச் சமாளித்த கதை வந்தது. அதை "நான்" என்று திருத்த முடியவில்லை. அந்தப் பொய்யைச் சொன்ன வாய் அவளுடையது இல்லை. பேனாவை மூடி வைத்தாள்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரருக்கு மாத்திரையின் மூட்டு விஷயம் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளாக அவள் மாடி ஏறப் போகாததையும் கவனித்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து மலை வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மின்சுற்றுப் படம் பார்க்கிற மாதிரி விரலை வைத்துக் கோடு கோடாகத் தேடினார்.

"இந்தச் சிவப்புக் கோடு நீங்க நடக்கற பாதை."

"நடக்க இருந்த பாதை" என்றாள்.

"சரி, இருந்த பாதை. இந்த மஞ்சள்?"

"பஸ் ரோடு."

"முதல் ராத்திரி தங்கற ஊருக்கு மஞ்சள் வருது. ரெண்டாவதுக்கும் வருது. மலையைச் சுத்திக்கிட்டு வருது, ஆனா வருது. நாலு, அஞ்சு, ரெண்டுக்கும் வருது. மூணாவதுக்கு மட்டும் இல்ல. அது உச்சில இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "நீ மேல போ. அவங்க சுத்தி வரட்டும். சாயங்காலம் ஒரே தளத்துல வந்து நின்னா சரிதானே? எங்க வேலையும் அதுதான்."

எக்ஸ்ரேக்கா மஞ்சள் கோட்டின் மேல் ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

மாத்திரை முதல் மணியிலேயே எடுத்தாள். அவள் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரரை முப்பது வருஷமா நான் தப்பா எடை போட்டுட்டேன்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே முன்னுரை வந்துவிட்டது.

"இந்தப் புத்தகத்தில் 'நாங்கள்' என்று வருகிற இடமெல்லாம் பாதி நான்" என்று ஆரம்பித்திருந்தாள். "என் பாதி இப்போது உட்கார்ந்துவிட்டது. படிக்கிறவர்களில் யாராவது எழுந்து அந்த இடத்தில் நடந்தால் எனக்குப் பெரிய உபகாரம். பத்தாவது நடையில், செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் இருக்கும். குரைக்கும், கடிக்காது. கடித்தால் எக்ஸ்ரேக்காவைக் கேளுங்கள். என்னிடம் இப்போது ஊசி இல்லை."

எக்ஸ்ரேக்கா சிரித்தாள். கண் எரிந்தது. "நான்" என்று திருத்திய நாலு பக்கத்தையும் மறுபடி "நாங்கள்" ஆக்கி, அச்சகத்துக்குத் தானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஜூன் கடைசியில் புத்தகம் வந்தது. மையின் வாசனையோடு முதல் பிரதியைத் திறந்த இடத்திலேயே ஒரு தப்பு கண்ணில் பட்டது. பதினான்காவது நடையில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடது என்று இருந்தது. "அந்தப் பக்கம் போனா என்ன இருக்கு?" என்று கேட்டார் அச்சகக்காரர். "ஒரு குளம்" என்றாள். "அப்ப மோசமில்ல, குளத்தைப் பாத்துட்டு வரட்டும்" என்றார். முந்நூறு துண்டுச் சீட்டில் திருத்தம் அடித்து, ஒவ்வொன்றாகச் செருகினாள்.

ஜூலையில் போனாள். விமான நிலையத்தில் மாத்திரை இரண்டு ஊன்றுகோல்களோடு நின்றிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள், குரல் மட்டும் இளைக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, திறக்காமல், கைப்பையில் வைத்துக்கொண்டாள். "பஸ்ல போறப்ப எனக்கும் வழித்துணை வேணுமே" என்றாள்.

மறுநாள் தொடங்கியது. காலையில் விடுதி வாசலில் எக்ஸ்ரேக்கா பையை மாட்டிக்கொண்டு பாதையில் ஏறுவாள். மாத்திரை மஞ்சள் கோட்டில் போவாள். சாயங்காலம் அடுத்த ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மாத்திரை உட்கார்ந்திருப்பாள். அதற்குள் அந்த ஊரில் பாதிப் பேர் அவளுக்குச் சிநேகமாகியிருப்பார்கள், பாஷை தெரியாமலே. "சொல்லு" என்பாள். எக்ஸ்ரேக்கா காலுறையைக் கழற்றியபடியே சொல்வாள். பாறைகளில் பெயின்ட்டால் கோடு போட்டு வழி காட்டியிருப்பது, மாட்டின் கழுத்து மணி மேகத்துக்குள்ளிருந்து கேட்பது, ஓடையைத் தாண்டப் போட்டிருந்த மூன்று கட்டைகளில் நடுக்கட்டை ஆடியது எல்லாவற்றையும். மாத்திரை நடுவில் நடுவில் கேள்வி கேட்பாள். "ஆடிச்சுன்னா எந்தப் பக்கமா?" என்பாள்.

மூன்றாவது நாள்தான் கணவாய். கடைசி ஏற்றத்தில் கல் சரிந்து சரிந்து காலை வாரியது. ஒன்பது மாடிப் பழக்கம் அங்கே கைகொடுத்தது. மத்தியானம் ஒரு மணிக்கு உச்சியில் நின்றாள். ஜூலையிலும் ஒரு ஓரத்தில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு புதுப் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் இன்னொரு மலை, அதற்கும் அப்பால் இன்னொன்று, நீலம் வெளுத்துக்கொண்டே போனது. மூன்று வருஷமாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த கோட்டின் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். மனசு நிறைய வேண்டும். நிறைந்தது. ஆனால் நிறைந்த கையோடே ஒரு பக்கம் வெறுமையாகவும் இருந்தது. "பாரேன்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஓர் இளம் ஜோடி திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

மாத்திரை மஞ்சள் கோட்டில் நேராக நாலாவது ஊருக்கே போயிருந்தாள். அன்றிரவு உச்சி விடுதியில் பன்னிரண்டு படுக்கை வரிசையில் இரண்டு அவர்கள் பெயரில் இருந்தன. ஒன்றில் படுத்தாள், இன்னொன்றில் பையை வைத்தாள்.

நாலாம் நாள் முழுக்க இறக்கம். மதியத்துக்கு மேல் மரங்கள் தொடங்கின. ஊர்க் கூரைகள் கீழே தெரிந்தன. ஒரு வளைவு திரும்பியதும், பாதையோரத்துப் பாறையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்.

எக்ஸ்ரேக்கா ஓடாத குறையாக இறங்கினாள். "எப்படி வந்த? யாரு உன்னை ஏறச் சொன்னது? பஸ் எங்க, இது எங்க?"

"அறுநூறு மீட்டர்னு போர்டு போட்டிருக்கு" என்றாள் மாத்திரை. முகம் சிவந்து வேர்த்திருந்தது. "காலையில பத்து மணிக்குக் கிளம்பினேன். நடுவுல ரெண்டு பேர் தூக்கிட்டுப் போறோம்னாங்க. வேண்டாம்னுட்டேன்."

"மூட்டு என்னாகும்?"

"ஆனதுக்கு மேல என்னாகும்?"

எக்ஸ்ரேக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது. அதற்குள் மாத்திரை கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். மூன்று நாளில் ஓரமெல்லாம் மடங்கி, உள்ளே பஸ் சீட்டுகள் செருகியிருந்தன.

"படிச்சு முடிச்சுட்டேன்," என்றாள். "நல்லா நடந்திருக்கோம், இல்ல?"

"ம்."

"நேத்து மேல என்ன தெரிஞ்சுது?"

எக்ஸ்ரேக்கா சொல்ல ஆரம்பித்தாள். பனி, நீலம், ரொட்டி தின்ற ஜோடி. காலியான படுக்கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லாததையும் மாத்திரை கேட்டுக்கொண்டாள் போலிருந்தது. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் எழுந்தார்கள். எக்ஸ்ரேக்கா தோள் கொடுத்தாள். அந்த அறுநூறு மீட்டரை இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. வழியில் போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். எக்ஸ்ரேக்கா அடிகளை எண்ணவில்லை.

மறுநாள் மாத்திரையால் கால் ஊன்ற முடியவில்லை. மகள் காரில் வந்து, இருவரையும் நன்றாகத் திட்டி, வீட்டுக்கு அழைத்துப் போனாள். மிச்சமிருந்த இரண்டு நாள் நடை நடக்காமலே போனது. அதில் எக்ஸ்ரேக்காவுக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த பிப்ரவரியில் மாத்திரைக்கு வலது மூட்டை மாற்றினார்கள். புது மூட்டின் எக்ஸ்ரேயை அனுப்பியிருந்தாள். எக்ஸ்ரேக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, நேராக உட்கார்ந்திருக்கிறது என்று திருப்திப்பட்டாள். ஆனால் இடது மூட்டும் காத்திருந்தது. மலை ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, அவர் தோளைக் குலுக்கினாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எக்ஸ்ரேக்கா நடக்கும்போது போன் சட்டைப்பையில் இருக்கும். மாத்திரை பேசுவாள். முதலில் "இன்னைக்கு வாசல் வரைக்கும் போனேன்" என்றாள். பிறகு தெருமுனை. போன வாரம், முனையைத் திரும்பி, இதுவரை அவள் பார்த்தே இராத ஒரு தெருவுக்குள் பாதி தூரம் போனாளாம்.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள் எக்ஸ்ரேக்கா.

"தெரியல. ஒரு பச்சைக் கதவு வரைக்கும்தான் போக முடிஞ்சுது. அதுக்கப்புறம் தெரு வளையுது."

எக்ஸ்ரேக்கா நின்றுவிட்டாள். அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டே நின்றாள்.